கீழ் கோர்ட்டில் விட்டதை மேல் கோர்ட்டில் பிடிக்க முடியுமா?

(தில்லை நகரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களில் பலர் கடனை வாங்கித் தையல் கடை, டிபன் கடை என்று டவுனில் வாடகைக்கு இடம் பிடிக்கிறோம். தில்லை நகர் மாதிரி இடத்தில் வாடகை ஏறிக்கிட்டே போகுது. ஓனர் திடீரென்று வாடகையை வாங்க மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதம் கழித்து "வாடகை பாக்கி, காலி பண்ணு" என்று வழக்கு வருது. கடை போனால் குழுக் கடனை எப்படிக் கட்டுவது? அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் பழைய சட்டம். 1960-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் மூன்று படிகள் இருந்தன. முதலில் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர், அதாவது முன்சீஃப் கோர்ட். அடுத்தது மேல்முறையீடு, சப் கோர்ட்டில். மூன்றாவது 25-ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும் வரை, அதற்கு நம்ம திருச்சிக்காரர்கள் சென்னைக்குத்தான் போகணும்.

சீராய்வு என்றால் என்ன? நம்ம குழுவுக்கு வருஷம் ஒருமுறை தணிக்கை நடக்குது இல்லையா? தணிக்கையாளர் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று புதிதாகத் தீர்மானம் போடுவதில்லை. தீர்மானம் முறையாகப் போட்டோமா, கணக்கு சட்டப்படி இருக்கா என்றுதான் பார்ப்பார். சீராய்வும் அதே மாதிரிதான். கீழ் கோர்ட் சட்டத்தைத் தப்பாகப் பார்த்திருந்தால், முக்கியமான சாட்சியத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், உயர்நீதிமன்றம் திருத்தும். சாட்சி சொன்னது உண்மையா பொய்யா என்று முதலிலிருந்து எடை போடாது. உச்சநீதிமன்றம் 1980-ல் ராஜலட்சுமி டையிங் ஒர்க்ஸ் வழக்கில் இதைச் சொன்னது. 2014-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதையே உறுதி செய்தது.

வாடகை பாக்கி பற்றியும் ஒரு முக்கியத் தீர்ப்பு உண்டு. 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கு. பாக்கி இருந்தால் மட்டும் போதாது, அது "வேண்டுமென்றே" வைத்த பாக்கியாக இருக்கணும் என்பது பழைய சட்டம். ஓனர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருந்தால் அது வேண்டுமென்றே வைத்த பாக்கி. நோட்டீஸே கொடுக்கவில்லை என்றால், கோர்ட் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்யணும்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. 2017-ல் போட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும். காலி செய்யும் வழக்கு வாடகை நீதிமன்றத்தில் நடக்கும், மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்தில். அதற்கு மேல் பழைய 25-ஆம் பிரிவு மாதிரி சீராய்வு இதில் இல்லை. அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வை மட்டும்தான். அந்த வாசல் இன்னும் குறுகலானது.

ஆக, வழக்கின் உயிர் முதல் கோர்ட்டில்தான் இருக்கு. அங்கே காட்டாத ரசீதை மேலே போய்க் காட்டி ஜெயிப்பது கஷ்டம். மேலே பார்த்துக்கலாம் என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுவோம். வாடகை கொடுத்தவுடன் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்போம். முடிந்தால் பேங்க் வழியாகவே கட்டுவோம். ஓனர் வாங்க மறுத்தால் பணத்தைச் செலவழித்துவிடாமல், வாடகை அதிகாரியிடம் கட்ட மனு கொடுப்போம். நோட்டீஸ் வந்தால் பீரோவில் பூட்டி வைக்காமல், அன்றைக்கே வக்கீலிடம் காட்டுவோம். தீர்ப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குக் கெடு என்ன என்று உடனே கேட்போம். கெடு தாண்டினால் நல்ல வழக்கும் வீணாகும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

தீர்மான நோட்டு, பாஸ்புக், ரசீது எல்லாம் பத்திரமாக வைக்கப் பழகினவங்க நாம். அதே பழக்கத்தை வாடகைக்கும் கொண்டு வருவோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்லுங்க.