கொழும்பு உடன்பாடுகளும் கொல்லங்கோடு முதல் குமுளி வரையிலான மக்களும்

(பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வெளியுறவுக் கொள்கை தில்லியில் பேசி முடிக்கப்படும் விஷயம். சித்தூர் தாலுகாவின் தென்னை விவசாயிக்கும் உடும்பஞ்சோலையில் ஏலக்காய் எடுக்கும் பெண் தொழிலாளிக்கும் அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

2019 நவம்பர் 29 அன்று, இலங்கையின் புதிய அதிபராகப் பொறுப்பேற்றிருந்த கோத்தபய ராஜபக்ச புதுதில்லி வந்திருந்தபோது, பிரதமர் மோடி இரண்டு கடனுதவிகளை அறிவித்தார். வளர்ச்சிப் பணிகளுக்கு 40 கோடி டாலர். பயங்கரவாத எதிர்ப்புக்கு 5 கோடி டாலர். பாதுகாப்பு, வளர்ச்சி என்ற இந்த இரண்டு சொற்களும்தான் இரு அரசுகளின் கூட்டறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதல் சொல் பாலக்காட்டைத் தொட்டிருக்கிறது. இரண்டாவது சொல் இடுக்கியைத் தொட்டிருக்கிறது. ஆனால் இரண்டிலும் இவ்விரு மாவட்ட மக்களின் குரலுக்கு இடம் இருந்ததில்லை.

எச்சரிக்கை வந்தது, மக்களைச் சேரவில்லை

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ள மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியர்களும் அதில் உண்டு.

இந்தத் தாக்குதல் குறித்து ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறை இலங்கைக்குத் தகவல் அளித்திருந்தது. அதாவது, இரு நாடுகளுக்கிடையிலான உளவுத் தகவல் பரிமாற்றம் அதற்குரிய வேலையைச் செய்தது. செய்யத் தவறியது இலங்கையின் ஆட்சிப் பீடம். 2018 அக்டோபரில் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை அதிபர் சிறிசேன பதவிநீக்கம் செய்ததில் தொடங்கிய அதிகாரச் சண்டை, பாதுகாப்பு நிர்வாகத்தையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. தேவாலயங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. எச்சரிக்கை இருந்தும் கடமை தவறியதற்காக, சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது.

பயங்கரவாத எதிர்ப்பு ஒத்துழைப்பு தேவையா என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. தேவை. ஏப்ரல் 4இன் தகவல் உரிய கைகளுக்குச் சென்றிருந்தால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் இரு தலைநகரங்களுக்கிடையே கோப்பு நகர்வது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதும் இதே நிகழ்வின் பாடம். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிர்வாகம் இல்லாத இடத்தில் மிகச் சரியான தகவலும் காகிதமாகவே கிடக்கும்.

பாலக்காட்டுக்கு வந்த அலை

குண்டுவெடிப்பு நடந்து ஒரு வாரத்தில் தேசியப் புலனாய்வு முகமை காசர்கோட்டிலும் பாலக்காட்டிலும் சோதனை நடத்தியது. கொல்லங்கோடு பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டார். கொழும்புத் தாக்குதலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமின் பேச்சுகளை அவர் ஓராண்டுக்கு மேலாக இணையத்தில் பின்பற்றி வந்ததாகவும், கேரளத்தில் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிட்டதாகவும் வழக்கு. 2024 பிப்ரவரியில் கொச்சி சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சஹ்ரானின் பேச்சுகள் தமிழில் இருந்தன என்பதே. காத்தான்குடியில் பேசப்பட்ட நஞ்சு, மொழி வழியாகவே கோவைக்கும் கொல்லங்கோட்டுக்கும் வந்தது. வாளையார் சோதனைச் சாவடியில் அதைத் தடுக்க முடியாது. தமிழில் பேசப்படும் வெறுப்புக்குத் தமிழிலேயே, அதே இளைஞர்களிடம், அதே தெருக்களில் பதில் சொல்லப்பட வேண்டும். அந்த வேலையைக் காவல்துறை செய்ய இயலாது. மதச்சார்பற்ற அரசியல் இயக்கமே செய்ய முடியும்.

மறுபுறம் நடந்ததையும் மறக்கலாகாது. 2019 மே மாதத்தில் இலங்கையின் வடமேற்கில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 1979இல் தமிழ் இளைஞர்களைக் குறிவைத்துத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், இப்போது முஸ்லிம்கள் மீது பாய்ந்தது. ஒரு சமூகத்திற்கு எதிராகத் தீட்டிய கத்தி வேறு சமூகத்தின் மீது திரும்ப நாற்பது ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. இந்தியாவில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 2019 ஆகஸ்டில் திருத்தப்பட்டு, விசாரணைக்கு முன்பே ஒரு தனிநபரைப் பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குச் சென்றது. குற்றவாளியைத் தண்டிப்பதும் ஒரு சமூகத்தையே சந்தேகக் கூண்டில் ஏற்றுவதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்யும் அரசு, சஹ்ரான்களுக்கே ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

இடுக்கியின் மிளகு

இனி வளர்ச்சி. இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு இந்தியாவுக்குள் சுங்கவரி இன்றி வரலாம். அதற்கு மேல் வருவதற்கு, தெற்காசிய ஒப்பந்தத்தின்கீழ் 8 சதவீத வரி மட்டுமே. உலகிலேயே அதிகம் மிளகு விளையும் வியட்நாமிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தால் வரி பல மடங்கு. வணிகர்களுக்கு வழி புரிந்தது. வியட்நாம் மிளகு கொழும்புத் துறைமுகத்தில் இலங்கை மிளகாகப் பெயர் மாறி இந்தியாவுக்குள் வருகிறது என்று நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 2017 டிசம்பரில்தான் ஒன்றிய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

கேரளத்தின் மிளகில் பெரும் பங்கு இடுக்கியில் விளைகிறது. இங்கே மிளகுக்கொடி பெருந்தோட்ட முதலாளிகளுடைய பயிர் மட்டுமன்று. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின் சேமிப்பும் அதுவே. மகளின் திருமணத்திற்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கும் காயவைத்த மிளகுதான் மூட்டையில் காத்திருக்கும். விலை விழுந்தால் அந்தக் குடும்பம் விழும். மிளகு பறிக்கக் கம்பம் மெட்டு ஏறி வரும் தேனி மாவட்டத் தொழிலாளியின் கூலியும் விழும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. கிளைக் கூட்டங்களில் எழுந்தும் இருக்கிறது. அப்படியானால் இலங்கை மிளகை எதிர்ப்பதுதான் கட்சியின் நிலையா? மாத்தளையிலும் கண்டியிலும் மிளகு வளர்ப்பவரும் சிறு விவசாயிதானே?

ஆம், அவரும் சிறு விவசாயிதான். பெயர் மாற்றி வரும் வியட்நாம் மிளகு அவருடைய சந்தையையும் சேர்த்தே பறிக்கிறது. அவருக்குக் கிடைக்க வேண்டிய சலுகை இடைத்தரகரின் லாபமாகிறது. ஆகவே நெடுங்கண்டத்து விவசாயியின் எதிரி மாத்தளை விவசாயி அல்லர். விளைவிடச் சான்றிதழை விலைக்கு வாங்கும் வணிகமும், அதைக் கண்டும் காணாத அதிகாரமுமே இருவருக்கும் பொது எதிரி. 'அந்நிய மிளகு' என்று முழங்கி இருவரையும் மோதவிடுவது வலதுசாரிகளின் வழி. விளைவிடச் சோதனையைக் கடுமையாக்கு, கொள்முதலுக்கு ஆதார விலை கொடு என்று கேட்பதே தொழிலாளி வர்க்க இயக்கத்தின் வழி. ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை நின்ற மனிதச் சங்கிலியும் எந்த நாட்டு விவசாயிக்கும் எதிராக நின்றதல்ல. விவசாயியைக் கேளாமல் கையெழுத்திடும் ஆட்சிக்கு எதிராக நின்றது.

இரு கரையிலும் லயம்

மக்களைக் கேளாமல் கையெழுத்திடுவது புதிதல்ல. 1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மலையகத் தமிழர்களின் கதியைத் தீர்மானித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டனர். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். அத்தனை பேரில் ஒருவரிடமும் எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்கப்படவில்லை. அது நட்பு நாடுகளின் ராஜதந்திர வெற்றி என்று அன்று பாராட்டப்பட்டது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வண்டிப்பெரியாறு வழியாகச் செல்லும் கவியிலும், புனலூர் ரப்பர் தோட்டங்களிலும், நீலகிரியிலும் குடியமர்த்தப்பட்டனர்.

தோட்டத் தொழிலாளியின் குடியிருப்புக்கு மூணாறிலும் லயம் என்றே பெயர். அட்டனிலும் லயம் என்றே பெயர். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து, எழுபது உயிர்கள் போயின. இலங்கை மலையகத்தில் இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் வந்த மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவை கட்டப்பட வேண்டியவையே. அதில் ஒரு செங்கல்லையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடல் கடந்து தோட்டத் தொழிலாளிக்கு வீடு அறிவிக்கும் அரசு, பெட்டிமுடித் தொழிலாளிக்கு என்ன பதில் வைத்திருக்கிறது? இடதுசாரிகள் ஆட்சி செய்த மாநிலத்திலும் கம்பெனி நிலத்தில் லயங்கள் லயங்களாகவே நீடித்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2015இல் மூணாறு பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களையும் மீறித் தெருவில் இறங்கியதன் காரணத்தில் அதுவும் அடங்கும்.

கேட்க வேண்டியவை

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு குறித்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கையெழுத்தான நாளில் அதன் முழு வாசகம் இரு நாட்டு மக்களின் முன்னும் வைக்கப்படவில்லை. அனுர குமார திசாநாயக்கவின் தலைமையில், இடதுசாரி மரபிலிருந்து வந்த கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் இதுதான் நிலை. ஆட்சியாளரின் கொடி நிறம் மாறினால் மட்டும் ராஜதந்திரத்தின் மூடிய கதவு திறந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

இந்திய அரசமைப்பின்படி, அயல்நாட்டு ஒப்பந்தம் செய்ய ஒன்றிய அரசுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. வேளாண்மையோ மாநிலப் பட்டியலில் உள்ளது. விளைவைச் சுமப்பது மாநிலம், முடிவெடுப்பது தில்லி. எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். விவசாயத்தைத் தொடும் ஒப்பந்தங்களில் தொடர்புடைய மாநிலங்களின் கருத்து கேட்கப்பட வேண்டும். பயங்கரவாத எதிர்ப்பு ஒத்துழைப்பு நீதிமன்றத்தின், சட்டமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். வளர்ச்சிக் கடன்களின் நிபந்தனைகள் இரு நாட்டு மக்களுக்கும் தெரிய வேண்டும்.

இவற்றைத் தில்லியில் கேட்பதற்கு முன் இங்கே செய்ய வேண்டிய வேலை உண்டு. கொல்லங்கோடு, முதலமடை, கொழிஞ்சாம்பாறைக் கிளைகள் எல்லாச் சமூக இளைஞர்களும் ஒன்றாக அமரும் படிப்பகங்களை உயிர்ப்பிக்க வேண்டும். உடும்பஞ்சோலை, பீர்மேடு, தேவிகுளம் கிளைகள் மிளகு விவசாயியையும் அதைப் பறிக்க வரும் தொழிலாளியையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். விவசாயி விலையைப் பற்றிப் பேசுவார், தொழிலாளி கூலியைப் பற்றிப் பேசுவார், சச்சரவும் வரும். அந்தச் சச்சரவை ஒன்றாக இருந்து தீர்த்துக்கொண்டவர்களால்தான், அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எங்களைக் கேட்டாயா என்று தில்லியைப் பார்த்து ஒரே குரலில் கேட்க முடியும்.