பாத்திரமும் பற்றாசும்



“ஈயம் பூசலையோ, ஈயம்!”

தமிழகத்து வீதிகளில் அரைநூற்றாண்டுக்கு முன்பு இக்குரல் ஒலித்ததும், அடுக்களையிலிருந்து அண்டாவும் தவலையும் குண்டானும் திண்ணைக்கு வந்து சேரும். கூலி பேசி முடிந்ததும் மரத்தடியில் சிறு குழி தோண்டப்பெறும், துருத்தி பதிக்கப்பெறும், கரி கனலத் தொடங்கும்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியும் மோரும் அதில் தங்கினால் களிம்பேறும், உணவு கெடும். ஆதலின் உட்புறத்திற்கு வெள்ளீயக் காப்பு வேண்டியிருந்தது. அஃது அழகுக்கு அன்று, உயிருக்கு.

ஈயம் பூசுவோர் பாத்திரத்தை மணலிட்டுத் தேய்த்துத் துலக்கிக் கனலில் காய்ச்சுவர். ஓட்டையிருப்பின் முதலில் பற்றவைத்து அடைப்பர். நவச்சாரப் பொடி தூவியதும் வெண்புகை எழும். உலோகத்தின் மாசு நீங்கும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவது. சூடேறிய பாத்திரத்தில் அதனைத் தொட்டு, உருகியோடும் ஈயத்தைத் துணிச்சுருளால் விரைந்து பரப்பி, நீரில் தோய்த்தெடுத்தால் உட்புறம் வெள்ளியென ஒளிரும்.

இத்தொழிலின் உள்ளே ஓர் அறம் இருந்தது. விலை மலிந்த காரீயத்தைக் கலந்து பூசினாலும் பளபளப்பு வரும். காரீயமோ மெல்லக் கொல்லும் நஞ்சு. இல்லத்துப் பெண்ணின் கண் அதனைப் பிரித்தறிய இயலாது. பெயரும் கேட்டறியாத ஒரு தொழிலாளியின் நேர்மையை நம்பியே குடும்பம் உண்டது.

எவர்சில்வர் பரவியபின் அக்குரல் தேய்ந்தது. எனினும் அத்தொழிலின் சொல்லொன்று யாப்பிலக்கணத்தில் வாழ்கின்றது. நேரிசை வெண்பாவில் முதற்குறளும் தனிச்சொல்லும் ஓசையால் ஒட்டாதவழி, இடையே ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பர். அவ்வசையே ‘ஆசு’, அவ்வெண்பா ‘ஆசிடை நேரிசை வெண்பா’. உலோகத்தைப் பொருத்தும் பற்றாசே இங்கு உவமை. ‘ஆசு’ என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. பொருந்த இட்டால் பற்று. பொருந்தாது இட்டால் குற்றம்!

கவிஞர்களே! ஓசை நிரப்ப இடும் ஒவ்வோர் அசையும் உருக்கி ஊற்றும் ஈயமே. வெளியே தெரிவது பளபளப்பு மட்டும். உள்ளே இருப்பது வெள்ளீயமா, காரீயமா என்பதைப் பூசிய கையே முதலில் அறியும். ஒருவர் பாட்டை மற்றவர் செப்பனிடும் பட்டறையே இலக்கிய வட்டம். பத்தாண்டு நிறைவு காணும் இப்பட்டறையில் துருத்தி ஓயாதிருக்கட்டும்; கலப்பற்ற ஈயமே உருகட்டும்.