ஏடும் வட்டும்: திரைப்படப் பதிப்பகங்கள் – ஓர் ஒப்பீடு

பழைய நூலொன்றைப் பதிப்பித்தல் என்பது அச்சிட்டு அட்டை கட்டி விற்பதன்று என்பதை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது ஏடு தேடுதல், ஏட்டோடு ஏட்டை ஒப்பிடுதல், பாடபேதம் காட்டுதல், பொருள் விளங்கக் குறிப்பு வரைதல் ஆகிய நான்கு பணிகளும் ஒருங்கே நிகழ்ந்தன. இவற்றுள் ஒன்று குறையினும் அது மறு அச்சேயன்றிப் பதிப்பாகாது. இந்த அளவுகோலைத் திரைப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன புலப்படும் என்பதே இவ்வுரையின் பொருள்.

பெரிய படநிறுவனங்கள் தம் படங்களைத் தாமே வட்டாக்கி விற்பது ஒருவகை. உரிமையாளரிடம் உரிமம் பெற்று, படங்களைச் சேகரித்து வைப்போர்க்கென்றே வெளியிடும் சிறு நிறுவனங்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைத் திரைப்படப் பதிப்பகங்கள் என்று அழைப்பதில் தவறில்லை. அமெரிக்காவின் கிரைடீரியன், கீனோ லோர்பர், வினிகர் சிண்ட்ரோம், டுவைலைட் டைம் ஆகியனவும், இங்கிலாந்தின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா, ஆரோ ஆகியனவும் ஈண்டு ஒப்பிடப்படுகின்றன.

இத்தகைய பதிப்பகம் எதற்கு என்று வினவுவோர் உளர். படச்சுருளின் வரலாறே அதற்கு விடை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் எடுக்கப்பட்ட முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றுள் முதலில் வெளியான வடிவிலேயே எஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே. கடல்கோளும் கரையானும் கொண்ட சுவடிகளுக்காக வருந்தும் தமிழுலகம் இவ்வெண்ணின் பொருளை எளிதில் உணரும். கரையானின் வேலையை அங்கே தீயும் வேதியியல் சிதைவும் செய்தன. இணையவழித் திரையிடல் வந்தபின் வட்டு எதற்கு என்போர்க்கும் விடையுண்டு. செவ்வியல் படங்களுக்கென்று 2016-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ்டிரக் என்னும் இணையச் சேவை 2018-இல் மூடப்பட்டது. அதன் சந்தாதாரர் கையில் ஒரு படமும் எஞ்சவில்லை. நூலகம் மூடப்படினும் வீட்டு அலமாரியில் உள்ள நூல் எஞ்சும்.

ஒப்பீட்டைக் கிரைடீரியனிலிருந்து தொடங்குவதே முறை. 1984-இல் சிட்டிசன் கேன், கிங் காங் ஆகிய இரு படங்களைப் பெரிய லேசர் வட்டுகளாக வெளியிட்டு அது தன் பணியைத் தொடங்கியது. கிங் காங் வட்டில் ரொனால்ட் ஹேவர் என்னும் திரைப்பட வரலாற்றறிஞர், படம் ஓடும்போதே காட்சிதோறும் விளக்கம் கூறும் தனி ஒலித்தடம் ஒன்று இடம்பெற்றது. இன்று உலகெங்கும் வட்டுகளில் காணப்படும் விளக்கவுரை மரபுக்கு அதுவே முதல். மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் அமையும் பதிப்பைப் பயின்றோர்க்கு இது புதுமையன்று. வரி மேலே ஓட, உரை கீழே தொடரும். இங்கே காட்சி முன்னே ஓட, உரை செவியில் தொடர்கிறது. அகன்ற திரைக்கென எடுத்த படத்தின் இருபுறத்தையும் வெட்டித் தொலைக்காட்சிச் சதுரத்துக்குள் அடைக்காமல், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டும் முறையைச் சேகரிப்பாளரிடையே நிலைபெறச் செய்ததும் இந்நிறுவனமே. வெண்பாவில் ஈற்றுச் சீரைத் தாளில் இடமில்லை என்று வெட்டும் அச்சகத்தை எப்புலவர் பொறுப்பார்?

ஏடு தேடும் பணியில் கிரைடீரியனின் பெயர் நிலைத்திருப்பதற்குச் சத்யஜித் ராயின் அப்பு முப்படத் தொகுதி சான்று. ராய் படங்கள் பலவற்றின் மூல எதிர்ச்சுருள்கள் 1993-இல் லண்டன் படச்சாலை ஒன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் கருகின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஆவணக்காப்பகம் எடுத்து வைத்தது. ஏறத்தாழ இருபதாண்டுகள் சென்றபின், இத்தாலியின் பொலோஞா நகரில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்னும் சீரமைப்புச் சாலையில், உலர்ந்து முறியும் நிலையிலிருந்த அச்சுருள்களுக்கு ஈரப்பதமூட்டி, சிதைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே செப்பனிட்டனர். பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 விழுக்காடும் அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூலச்சுருளிலிருந்தே மீண்டன. மூன்றாம் படத்தின் மூலச்சுருள் பயன்படாத அளவுக்குக் கெட்டிருந்தமையால் வேறு படிகளைக் கொண்டு அதனை அமைத்தனர். இவ்விவரங்களைப் பதிப்பகம் மறைக்காமல் வெளியிட்டது. எவ்வளவு மூலம், எவ்வளவு படி என்று வாங்குவோர்க்குச் சொல்வதே பதிப்பாசிரியரின் நேர்மை.

ஆயினும் கிரைடீரியன் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2021-இல் ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் ஏழு படங்களை அது தொகுதியாக வெளியிட்டது. சீரமைப்பின்போது இயக்குநரே வண்ணங்களை மாற்றினார். 1995-இல் வெளிவந்த ஃபாலன் ஏஞ்சல்ஸ் படத்தின் சட்டக அளவையும் அகலமாக்கினார். திரையரங்கில் பலர் கண்டு நெஞ்சில் பதித்த வடிவம் அத்தொகுதியில் இல்லை. நூலாசிரியரே முதுமையில் தம் இளமைக்காலப் பாடலைத் திருத்தினால் எப்பாடத்தைக் கொள்வது என்னும் வினா கவிஞர்க்குப் புதிதன்று. திருத்தும் உரிமை கவிஞர்க்கு உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் முதற்பதிப்பின் பாடத்தையும் காட்டும் கடமை பதிப்பாசிரியர்க்கு உண்டு. மாற்றம் செய்யப்பட்டது என்று அறிவித்ததோடு அத்தொகுதி நின்றுவிட்டது. பழைய பாடத்தைப் பின்னிணைப்பாகவேனும் தரவில்லை.

அக்கடமையைச் செவ்வனே ஆற்றிய பதிப்புகள் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வரிசையில் உள்ளன. யுரேகா நிறுவனத்தின் கீழ் 2004-இல் தொடங்கிய இவ்வரிசை, முர்னாவின் சன்ரைஸ் (1927) படத்தை 2009-இல் புளூ-ரே வட்டாக வெளியிட்டபோது இரு பாடங்களைச் சேர்த்தே தந்தது. ஒன்று, ஒலித்தடத்துடன் வெளியான அமெரிக்கப் பாடம். மற்றொன்று, செக் நாட்டில் கிடைத்த படியின் பாடம். ஒலித்தடத்துக்குச் சுருளின் ஓரத்தில் இடம்விட்டமையால் அமெரிக்கப் பாடத்தில் காட்சியின் அகலம் குறைந்தது. செக் பாடம் நீளத்தில் குறைவு; ஆனால் காட்சி அகலமானது, தெளிவும் மிக்கது. எது சிறந்தது என்று பதிப்பாசிரியர் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார். ஆர்சன் வெல்ஸின் டச் ஆஃப் ஈவில் (1958) படமும் அவ்வாறே 2011-இல் வெளிவந்தது. திரையரங்கில் வந்த வடிவம், அதற்கு முந்தைய முன்னோட்ட வடிவம், வெல்ஸ் எழுதிவைத்த குறிப்பைப் பின்பற்றி 1998-இல் அமைத்த வடிவம் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. சட்டக அளவு பற்றிய கருத்து வேறுபாட்டிற்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. பாடபேதம் காட்டுவதில் இப்பதிப்பே இவ்வொப்பீட்டில் முதலிடம் பெறத் தக்கது.

இனித் தேர்வு பற்றிக் கருதவேண்டும். எதைப் பதிப்பிப்பது என்னும் முடிவே எது இலக்கியம் என்னும் முடிவாக மாறிவிடுவதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறும் காட்டும். 2020-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு கிரைடீரியனின் பட்டியலை ஆராய்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர் நால்வரே இடம்பெற்றிருந்தனர். அக்குறையைப் பதிப்பகத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு மெல்வின் வான் பீபிள்ஸின் படத்தொகுதி வெளிவந்தது. கண்டனம் பயன் தந்தது என்றே கொள்ளலாம்.

ஆனால் அக்கண்டனம் எழுவதற்கு முன்பே கீனோ லோர்பர் வேறொரு செயலைச் செய்திருந்தது. 2016-இல், பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஆப்பிரிக்க அமெரிக்கத் திரைமுன்னோடிகளின் படங்களை ஐந்து வட்டுகளில் அது தொகுத்தது. சார்லஸ் மஸ்ஸர், ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்னும் பேராசிரியர் இருவர் அதன் தொகுப்பாளர்கள். அதில் ஆஸ்கர் மிஷோவின் வித்தின் அவர் கேட்ஸ் (1920) உள்ளது. கறுப்பின இயக்குநர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய முழுநீளப் படமாகக் கருதப்படுவது அதுவே. அமெரிக்காவில் அதன் படி ஒன்றுகூட எஞ்சவில்லை. 1970-களில் ஸ்பெயின் நாட்டு ஆவணக்காப்பகத்தில் வேறு பெயருடன் ஒரே ஒரு படி கிடைத்தது. இடையிடையே தோன்றும் எழுத்தட்டைகள் ஸ்பானிய மொழியில் இருந்தன. ஆங்கில மூல அட்டைகளில் நான்கே எஞ்சின. ஏனையவற்றை ஸ்பானியத்திலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, மிஷோவின் நாவல் நடையை அடியொற்றி எழுதி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் அப்படத்தை மீட்டது. மூலம் அழிந்து மொழிபெயர்ப்பு வழியாகவே ஒரு படைப்பு தன் தாய்மொழிக்குத் திரும்பியது. இத்தகைய படைப்பை வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்த பதிப்பகம், சமூகத்தின் நினைவாற்றலுக்கும் தொண்டு செய்ததாகிறது.

வினிகர் சிண்ட்ரோம் என்னும் பெயரே ஒரு நோயின் பெயர். அசிட்டேட் படச்சுருள் கெடும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டுக் காடியின் நெடி எழும். அந்நெடி வந்தால் அச்சுருளின் நாள் எண்ணப்படுகிறது என்று பொருள். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 2012-இல் நிறுவப்பட்ட இப்பதிப்பகம், தனக்கெனச் சீரமைப்புச் சாலையும் வைத்திருக்கிறது. அது முதலில் மீட்டவை 1960-கள் முதல் 1980-கள் வரை மலிவாக எடுக்கப்பட்ட கிளர்ச்சிப் படங்களும் வயது வந்தோர்க்கான படங்களுமே. இவற்றைக் காப்பதும் ஒரு பணியா என்று முகம் சுளிப்போர் இருப்பர். சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் புலவர்கள் அவ்வாறே புறக்கணித்தனர்; இன்று அக்கால மக்கள் வாழ்வை ஆராய்வோர் அவற்றைத் தேடி அலைகின்றனர். தரம் காண்பது திறனாய்வாளர் வேலை. அழியவிடாமல் வைப்பது காப்பாளர் வேலை. முன்னது பின்னதை முந்திக்கொள்ளலாகாது. இங்கிலாந்தின் ஆரோ நிறுவனமும் அச்சப்படங்களையும் இத்தாலியக் குற்றப்படங்களையும் அதே மதிப்புடன் பதிப்பித்து, புதிதாக வரைந்த முகப்போவியத்தையும் பழைய சுவரொட்டியையும் ஒரே தாளின் இருபுறமும் அச்சிடுகிறது. வேண்டுவோர் வேண்டிய முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

ஓவியத்தைக் குறிப்பிடுகையில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வேட்கையை வளர்ப்பது இத்துறையின் வணிக உத்தியாகிவிட்டது. 2011-இல் தொடங்கிய டுவைலைட் டைம் பெரும்பாலும் ஒரு படத்துக்கு 3,000 படிகளே வெளியிட்டது. 2020-இல் அது மூடப்பட்டது. தீர்ந்த வட்டுகள் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. சிறு நிறுவனம் உரிமத் தொகையை மீட்க இதுவே வழி என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் உறை பிரிக்கப்படாமல் விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் வட்டு, பூசை அறையில் மஞ்சள் தடவி வைத்த ஏட்டைப் போன்றது. அதற்கு வழிபாடு நடக்கும், வாசிப்பு நடக்காது.

அணுகுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. புளூ-ரே வட்டுகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். அமெரிக்கா ஏ மண்டலம். ஐரோப்பா பி மண்டலம். இந்தியா சி மண்டலம். அமெரிக்காவில் 2015-இல் வெளிவந்த அப்பு தொகுதி ஏ மண்டலத்துக்கு உரியது. வங்கக் கிராமத்தில் எடுத்து, லண்டனில் கருகி, இத்தாலியில் உயிர்பெற்று, அமெரிக்காவில் பதிப்பான படம், இந்திய மண்டலத்துக்கென விற்கப்படும் கருவியில் ஓடாது. மண்டலத் தடையற்ற கருவி வேண்டும். 4கே வட்டுகளில் இப்பிரிவினை இல்லை என்பது ஆறுதல்.

ஒப்பீட்டின் முடிவு இதுவே. மூலம் தேடுவதிலும் உரை சேர்ப்பதிலும் கிரைடீரியன் முன்னிற்கிறது. பாடபேதம் காட்டுவதில் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா. மறக்கப்பட்டோரைத் தொகுத்ததில் கீனோ லோர்பர். இகழப்பட்டவற்றைக் காப்பதில் வினிகர் சிண்ட்ரோமும் ஆரோவும். எதுவும் தனித்து நிறைவுடையதன்று. ஆகவே வட்டு வாங்குவோர் அட்டையின் அழகைக் கேட்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்பது நன்று. எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது? என்ன மாற்றப்பட்டது? மாற்றுவதற்கு முன் இருந்தது எங்கே?

இம்மூன்று வினாக்களும் தமிழுக்கும் உரியவை. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் இன்று ஒரு படியும் எஞ்சாத படம். அதன் புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும் விளம்பரங்களுமே சான்றுகள். உலகின் தலைசிறந்த பதிப்பகம் நாளை வந்து உரிமம் கேட்டாலும் கொடுப்பதற்குச் சுருள் இல்லை. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்றபோது, பரண்களிலும் மடங்களிலும் ஏடுகளைப் போற்றி வைத்திருந்த பெயர் தெரியாதோர் பலர் அவருக்கு முன்னரே தம் பணியை முடித்திருந்தனர். பதிப்பாசிரியர்க்கு முன் காப்பவர் ஒருவர் வேண்டும். தமிழ்த் திரைப்படத்துக்கு இன்று முதலில் வேண்டுபவர் அவரே.