யாருக்காகப் பாடுகிறோம்?



1723-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆலய இசைப் பொறுப்பை ஏற்றார் யோகான் செபாஸ்தியன் பாக். முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு புதிய படைப்பு! எழுதுவார், பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவார், ஞாயிறன்று பாடவைப்பார். புனித தோமா ஆலயத்தில் அவருடைய பாடகர்கள் நின்ற இடம், பீடத்துக்கு நேர் எதிரே உயரத்தில் இருந்த மேற்கு மாடம். பீடத்தை நோக்கித் தொழுகிறவர் கண்ணில் பாடகர் முகம் படாது. பாட்டு மட்டும் காதில் விழும்.

பாக் மனித ஆசைகள் அற்ற துறவி அல்லர். 1730-இல் நகர மன்றம் அவர் வேலையில் குறை கண்டபோது மனம் நொந்தார். அரசவைப் பட்டம் வேண்டி 1733-இல் விண்ணப்பித்தார். 1736-இல் அது கிடைத்தது. அப்படிப்பட்டவர்தான் ஆலயத்துக்காக எழுதிய படைப்புகள் பலவற்றின் முடிவில், மகிமை தேவன் ஒருவருக்கே என்று குறித்துவைத்தார். பாராட்டை விரும்பும் நெஞ்சு நமக்கும் உண்டு. அதை ஆண்டவர் பாதத்தில் வைப்பதுதான் ஆராதனை.

மலைப்பிரசங்கத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரே எச்சரிப்பைத் தருகிறார். மனிதர் பார்க்கவேண்டும் என்று செய்கிறவர்கள் தங்கள் கூலியை அப்போதே வாங்கிவிட்டார்களாம். கைதட்டலைக் கூலியாக வாங்கிக்கொண்டபின் பிதாவிடம் கேட்க என்ன மிச்சம்?

நம் சபைகளிலோ, காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள் என்றால் கைகளை இன்னும் உயர்த்துகிறோம். பண்டிகைக்கு மாதக்கணக்கில் ஒத்திகை. பத்துப் பேர் வரும் அதிகாலை ஆராதனைக்கோ ஏதோ ஒரு பாட்டு! அன்பானவர்களே, அந்தப் பத்துப் பேர் நடுவிலும் அதே ஆண்டவர்தானே இருக்கிறார்?

மனிதர் மெச்சவேண்டாம் என்பதற்காக ஏனோதானோவென்று பாடலாகாது. மனிதரைச் சுருதி பிசகாமல் பாடித் திருப்திப்படுத்திவிடலாம். இருதயத்தைப் பார்க்கிறவருக்கோ சுருதியும் வேண்டும், உண்மையும் வேண்டும். அவருக்குப் பாடுகிறவர்தான் அதிகம் உழைக்கவேண்டும்.

ஆகவே பாடகர் குழுத் தம்பிகளே, தங்கைகளே, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் "பாட்டு எப்படி இருந்தது?" என்று யாரையும் கேட்காதீர்கள். பாட எழுந்து நிற்குமுன், "ஆண்டவரே, இது உமக்குப் பிரியமா?" என்று அவரைக் கேளுங்கள்.

தேவனுக்கே மகிமை.