பொதிக்குள் அடங்காத சுமை: கதிரியக்க மாசுற்ற பெருங்கருவிகளின் போக்குவரத்தும் நோர்வேயும்

அணுமின் நிலையத்திலிருந்து கழற்றி எடுக்கப்படும் நீராவிப் பிறப்பாக்கி பார்வைக்கு ஒரு பழைய கொதிகலன் போலத்தான் இருக்கும். வெளியே தடித்த உருக்கு உருளை. உள்ளே விரல் பருமனில் ஆயிரக்கணக்கான குழாய்கள். உலையின் மையத்தைச் சுற்றிவந்த நீர் பல பத்தாண்டுகள் அந்தக் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அந்த நீரோடு வந்த இரும்பு, நிக்கல், கோபால்ட் நுண்துகள்கள் நியூத்திரன் பட்டுக் கதிரியக்கம் பெற்று, குழாய்களின் உட்சுவரில் மெல்லிய ஒக்சைட்டுப் படலமாகப் படிந்துவிடுகின்றன. எரிபொருள் கோல் ஏதேனும் எப்போதாவது கசிந்திருந்தால் சீசியமும், மிகச் சிறு அளவில் புளுட்டோனியமும் அந்தப் படலத்தில் சேர்ந்திருக்கும். கருவியின் எடை நூறு தொன் முதல் நானூறு தொன் வரை போகும். அதிலுள்ள கதிரியக்கப் பொருளின் நிறையோ சில கிராம்தான். மாசு முழுவதும் உள்ளே இருக்கிறது. வெளியோடு ஏறக்குறைய சுத்தமானது. இப்படிப்பட்ட ஒன்றை வீதியிலும் கடலிலும் எந்த விதியின் கீழ் கொண்டுசெல்வது என்பதே இக்கருத்தரங்கின் முதற்கேள்வி.

கதிரியக்கப் பொருட்களின் போக்குவரத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகவரகம் 1961இல் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. பாதுகாப்பு பொதியில் இருக்க வேண்டும். ஓட்டுநரின் திறமையையோ வழியின் தன்மையையோ நம்பியிருக்கக் கூடாது. உள்ளே வைக்கப்படுவதன் ஆபத்து கூடக் கூட, பொதி தாங்கவேண்டிய சோதனைகளும் கடுமையாகும். சாதாரண தொழிற்பொதியைத் தண்ணீர் தெளித்து, விழுத்தி, மேலே பாரம் ஏற்றிப் பார்ப்பார்கள். செலவழிந்த எரிபொருளுக்கான பொதி ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தும், 800 பாகை செல்சியஸ் தீயில் அரைமணி நேரம் கிடந்தும் தாங்க வேண்டும். இந்த முறை நன்றாகவே உழைத்திருக்கிறது. ஆனால் 300 தொன் கொதிகலனுக்குப் பொதி செய்ய யாராலும் முடியாது. செய்தாலும் அதைத் தூக்கப் பாரந்தூக்கி இல்லை, ஏற்ற வீதி இல்லை. அங்கே கருவியின் உருக்கு ஓடே பொதியாகிறது.

நீண்ட காலம் இதற்கு ஒரே வழி 'சிறப்பு ஏற்பாடு' என்ற விதிவிலக்குத்தான். விதிகள் கேட்பதை நிறைவேற்ற முடியாத இடத்தில், அதற்கு ஈடான பாதுகாப்பை வேறு வழியில் காட்டி, சம்பந்தப்பட்ட நாடுகள் அனைத்திடமும் ஒப்புதல் பெற வேண்டும். ஜேர்மனியின் ஸ்டாட நிலையத்திலிருந்து நான்கு நீராவிப் பிறப்பாக்கிகள் 2007இல் கப்பலேறிச் சுவீடனின் ஸ்டூட்ஸ்விக் ஆலைக்குப் போயின. பிரித்தானியாவின் பேர்க்லி நிலையத்துக் கொதிகலன்கள் பதினைந்தும் 2012இலும் 2013இலும் அங்கேயே சென்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 310 தொன் எடையும் 21 மீற்றர் நீளமும் கொண்டவை. சிற்றூர் வீதிகளின் வழியே அவற்றைத் துறைமுகத்துக்கு நகர்த்துவதே தனியொரு பொறியியல் வேலை. நியூசோப்பிங் நகருக்கு அருகிலுள்ள ஸ்டூட்ஸ்விக் ஆலையில் கருவிகளை அறுத்து, துகள் வீச்சால் சுத்தம் செய்து, உருக்கி வார்க்கிறார்கள். உலோகத்தின் மிகப் பெரும்பகுதி மீண்டும் பயன்பாட்டுக்குப் போகிறது. எஞ்சிய கழிவு அனுப்பிய நாட்டுக்கே திரும்புகிறது.

2018இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு இந்த விதிவிலக்கை ஒரு வகையாக்கியது. மேற்பரப்பு மாசுற்ற பொருட்களில் மூன்றாம் பிரிவு என்று அதற்குப் பெயர். பருமன் காரணமாக எந்தப் பொதியிலும் அடங்காத திண்மப் பொருள் மட்டுமே இதில் சேரும். கருவியின் வாய்கள் எல்லாம் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். உட்புறம் முடிந்தவரை உலர்ந்திருக்க வேண்டும். வெளிப்பரப்பில் ஒட்டாத மாசு, பீட்டா காமா வகையெனில் சதுர சென்ரிமீற்றருக்கு 4 பெக்கரலையும், நச்சுத்தன்மை கூடிய அல்பா வகையெனில் 0.4 பெக்கரலையும் தாண்டக் கூடாது. எட்டமுடியாத உட்பரப்பில் 300 சதுர சென்ரிமீற்றரில் எடுக்கும் சராசரி, பீட்டா காமாவுக்கு 8 இலட்சமாகவும் அல்பாவுக்கு 80 ஆயிரமாகவும் இருக்கலாம். வெளியே நான்கு, உள்ளே எட்டு இலட்சம். இந்த இடைவெளியைக் காப்பது அடைப்பு ஒன்றுதான். ஆகவே ஒழுங்குபடுத்துபவரின் கவனம் முதலில் போகவேண்டிய இடம் அடைக்கப்பட்ட வாய்களின் பற்றவைப்பு. அறுத்த குழாய்முனையில் வைத்த உருக்குத் தகட்டின் ஓரத்தை யார் பற்றவைத்தார், யார் சோதித்தார், எந்த முறையில் சோதித்தார் என்ற பதிவு எந்தக் கணினி மாதிரியையும்விடப் பெறுமதியானது.

வானூர்திக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. வீதி, ரயில், உள்நாட்டு நீர்வழி, கடல் ஆகிய நான்கில் மட்டும், தனிப் பயன்பாட்டு ஊர்தியில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கொண்டுசெல்லலாம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு, அவசரகால நடவடிக்கை, சிறப்பு முன்னெச்சரிக்கைகள் யாவும் 'போக்குவரத்துத் திட்டம்' என்ற ஓர் ஆவணத்தில் இருக்க வேண்டும். விழுந்தால் எவ்வளவு சேதம் என்பதைக்கூட அந்தத் திட்டத்தை வைத்தே கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, எந்தக் கட்டத்திலும் கருவியைத் தரையிலிருந்து அரை மீற்றருக்கு மேல் தூக்குவதில்லை என்று திட்டம் உறுதிசெய்தால், அதற்கேற்ற சேதத்தைக் கணக்கிட்டால் போதும். பாதுகாப்பு பொதியில் இருக்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டிலிருந்து இது பெரிய விலகல். பாதுகாப்பின் ஒரு பங்கு இப்போது தாளில் எழுதியதைச் செய்துமுடிக்கும் மனிதர்களிடம் வந்துவிட்டது. இந்த விலகல் நியாயமானதே. ஆனால் திட்டத்தை வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அதனாலேயே முன்னைவிட முக்கியமாகிறது.

கனடாவின் புரூஸ் நிலைய விவகாரம் அதைக் காட்டியது. தலா நூறு தொன் எடையுள்ள பதினாறு நீராவிப் பிறப்பாக்கிகளைப் பேரேரிகள், சென் லோறன்ஸ் ஆறு, அத்லாந்திக் வழியாக ஸ்டூட்ஸ்விக்குக்கு அனுப்ப, கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையம் 2011 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. மக்களுக்கு ஏற்படக்கூடிய கதிர்வீச்சு மிகக் குறைவு என்று ஆணையம் கண்டது. கருவி ஒன்றில் இருந்த கதிரியக்கப் பொருள் 4 கிராமுக்கும் குறைவு என்று நிலையத்தார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிராம் கணக்கு இங்கே சரியான அளவுகோல் அல்ல. கோபால்ட்-60க்கும் புளுட்டோனியம்-239க்கும் ஒரே போக்குவரத்து எல்லை கிடையாது. சாதாரணப் பொதியொன்றில் அனுமதிக்கப்படும் பெக்கரல் அளவு புளுட்டோனியத்துக்கு நானூறு மடங்கு குறைவு. ஏரிக்கரை நகரங்களின் மேயர்களும் மோஹோக் முதற்குடி மக்களும் எதிர்த்தார்கள். அவர்களுக்கு விவரம் தெரியவந்தபோது ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருந்தது. கப்பல் கடைசிவரை புறப்படவில்லை. கணக்கு சரியாக இருந்தும் காரியம் நடக்காமற் போனதற்குக் காரணம், பாதையோரத்தார் கடைசியாகக் கேட்கப்பட்டதே.

நோர்வேயில் அணுமின் நிலையம் கிடையாது. ஆயினும் இந்த நாட்டுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. ஷெல்லரில் 1951இல் முதல் உலை இயங்கத் தொடங்கியது. ஹால்டனில் மலைக்குள் குடைந்த மண்டபத்தில் 1959இல் இயங்கத் தொடங்கிய கொதிநீர் உலை, பக்கத்துக் காகித ஆலைக்கு நீராவி கொடுத்தபடியே உலக நாடுகளுக்கு எரிபொருள் ஆய்வு செய்தது. 2018 யூனில் அதை நிரந்தரமாக மூட முடிவாயிற்று. ஷெல்லரின் ஜீப் 2 உலைக்கான முடிவு 2019இல் வந்தது. இவற்றைக் கலைக்கும் பொறுப்புக்கென 2018இல் நோர்வே அணுக் கலைப்பு நிறுவனம் உருவாக்கப்பட்டது. எரிபொருளின் போக்குவரத்து வேறு விதிகளுக்கு உட்பட்டது. அது இவ்வுரையின் எல்லைக்கு வெளியே. உலைக்கலம், வெப்பமாற்றிகள், கனநீர்ச் சுற்றின் தொட்டிகள், குழாய்கள் ஆகியவையே இங்கு பொருள். மின்நிலையக் கருவிகளோடு பார்க்கையில் இவை சிறியவை. இருந்தும் பீப்பாய்க்குள் அடங்குபவை அல்ல.

நாட்டின் கழிவுக்கிடங்கோ பீப்பாயை அளவாகக் கொண்டு கட்டப்பட்டது. அவுர்ஷ்கூக்-ஹோலன்ட் கொம்யூனில் ஹிம்டாலன் மலைக்குள் நான்கு மண்டபங்கள் உள்ளன. மூன்று நிரந்தரமாக அடக்குவதற்கு, ஒன்று சேமிப்புக்கு. 210 லீற்றர் பீப்பாய்கள் பத்தாயிரத்துக்குச் சமமான இடம். 1999 முதல் இயங்கிவரும் இக்கிடங்குக்கு ஷெல்லரிலிருந்து 26 கிலோமீற்றர் வீதிப்பயணம். பெருங்கருவியை முழுதாகக் கொண்டுவந்தால் அங்கே வைக்கும் வழியில்லை. அறுத்துத்தான் ஆக வேண்டும். எங்கே அறுப்பது? ஹால்டன் மலைக்குள் அறுத்தால் தொழிலாளரே கதிர்வீச்சை வாங்குகிறார்கள், அறுக்கும் தூசியையும் அவர்களே எதிர்கொள்கிறார்கள். முழுதாக அனுப்பினால் மாசு ஓட்டுக்குள் அடைபட்டபடி, அதற்கென அமைந்த பட்டறைக்குப் போய்ச் சேர்கிறது. சுவீடன் எல்லை ஹால்டனுக்கு மிக அருகில். மூன்றாவது வழி காத்திருப்பு. கோபால்ட்-60 ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் பாதியாகிறது. 26 ஆண்டுகளில் முப்பத்திரண்டில் ஒரு பங்கே மிஞ்சும். சீசியம்-137க்கு அரைவாழ்வு முப்பது ஆண்டு. புளுட்டோனியத்துக்குக் காத்திருப்பதில் பொருளில்லை. ஆகவே எந்த அணுக்கரு மேலோங்கி நிற்கிறது என்ற அளவீடு முதலில் வர வேண்டும். அறுப்பதா அனுப்புவதா என்ற முடிவு அதன் பின்னரே வர வேண்டும். சுரங்கவாயின் அகலத்தைப் பார்த்து முடிவெடுப்பது தலைகீழான வழி.

நோர்வேக்கு இத்துறையில் அனுபவம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வட கடல் எண்ணெய் மேடைகளின் குழாய்களிலும் பிரிகலன்களிலும் ரேடியம் கலந்த படிவு சேர்கிறது. அவை கரைக்கு வந்து சுத்தம் செய்யப்படுகின்றன. கிராமுக்கு 10 பெக்கரலும் அதற்கு மேலும் ரேடியம்-226 உள்ள படிவை அனுமதிபெற்ற கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். கூலன் கொம்யூனில் 2008 முதல் அதற்கென மலைச்சுரங்கக் கிடங்கு இயங்குகிறது. ரேடியம்-226இன் அரைவாழ்வு 1600 ஆண்டு. எண்ணெய்த் துறையும் அணுத்துறையும் ஒரே வகைச் சுமையை இரு வேறு பழக்கங்களோடு கையாள்கின்றன. மேடைகளைத் துண்டுபோட்டுத் தூக்கி, படகில் ஏற்றி, கரையில் இறக்கிப் பழகியவர்களின் அறிவு ஹால்டனுக்கு வந்து சேர வேண்டும்.

சட்டநிலை இவ்வாறு: ஐரோப்பிய வீதிப் போக்குவரத்து உடன்பாடான ஏடிஆர் 2021 பதிப்பிலேயே மூன்றாம் பிரிவை ஏற்றுக்கொண்டது. ஏடிஆர் நோர்வேயில் 2009ஆம் ஆண்டின் நிலவழிப் போக்குவரத்து ஒழுங்குவிதி மூலம் நடைமுறையில் உள்ளது. பொது ஆபத்துப் பொருட்களுக்குச் சிவில் பாதுகாப்பு இயக்ககமான டிஎஸ்பி பொறுப்பு. கதிரியக்கப் பொருளுக்கான ஒப்புதல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மற்றும் அணுப் பாதுகாப்பு இயக்ககமான டிஎஸ்ஏயிடம் உள்ளது. கடலில் கப்பற்துறை இயக்ககமும் சேர்ந்துகொள்கிறது. நிலத்தில் பெரிய ஓட்டை இல்லை.

ஓட்டை கடலில் இருக்கிறது. ஒரு சரக்கு எந்த நாடுகளுக்குள் நுழைகிறதோ, எவற்றினூடாகச் செல்கிறதோ, அந்த நாடுகளின் ஒப்புதலையே விதி கேட்கிறது. 12 கடல்மைலுக்கு வெளியே, பொருளாதார வலயத்தின் வழியே போகும் கப்பலுக்குக் கரைநாட்டின் அனுமதி வேண்டியதில்லை. எல்லைக்குள் வந்தாலும் தீங்கற்ற கடப்புரிமை உண்டு. கடற்சட்ட உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு ஆவணங்களையும் சிறப்பு முன்னெச்சரிக்கைகளையும் மட்டுமே கேட்கிறது. பிரித்தானியாவிலிருந்து சுவீடனுக்குப் போகும் கப்பல் ஸ்ககெராக் வழியாகப் போகக்கூடும். அங்கே புயலில் எந்திரம் நின்றால் இழுவைக் கப்பல் நோர்வேயிலிருந்தும் கிளம்ப வேண்டிவரும். ஆனால் போக்குவரத்துத் திட்டத்தைப் பார்க்கும் உரிமை நோர்வேக்கு இல்லை.

இந்தக் கரைக்கு இரண்டு நினைவுகள் உண்டு. சேவையிலிருந்து நீக்கப்பட்ட ரஷ்ய நீர்மூழ்கி கே-159, 2003 ஓகஸ்ட் 30 அன்று மிதவைகள் கட்டி இழுத்துச் செல்லப்படுகையில் புயலில் மிதவைகள் பிய்ந்து, பரென்ட்ஸ் கடலில் மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். செலவழிந்த எரிபொருள் இன்னும் அதனுள் கிடக்கிறது. சுமையின் வகை வேறு என்றாலும், துருப்பிடித்த கப்பலுடலையே பொதியாக நம்பியதும் காலநிலை எல்லையை மதிக்காததும் பெருங்கருவிப் போக்குவரத்துக்கு நேரடிப் பாடங்கள். மற்றது அக்கடமிக் லொமொனோசொவ் என்ற ரஷ்ய மிதக்கும் அணுமின் நிலையம். எரிபொருள் ஏற்றியபின் அதை பால்டிக்கிலிருந்து நோர்வேக் கரையோரமாக இழுத்துச் செல்வதே முதல் திட்டம். நோர்வே கவலை தெரிவித்தது; எரிபொருளை மூர்மான்ஸ்கில் ஏற்றுவதாக ரஷ்ய அணுசக்தி நிறுவனமான ரொஸ்அத்தொம் 2017இல் அறிவித்தது. 2018 வசந்தத்தில் நிலையம் வெறும் உலைகளோடு இக்கரையைக் கடந்துபோனது. சட்டம் கொடுக்காததை அன்று பேச்சுவார்த்தை கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படி அமையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே மூன்றாம் பிரிவுச் சுமை கடலேறும்போது, பாதையிலுள்ள கரைநாடுகளுக்குப் போக்குவரத்துத் திட்டத்தின் அவசரகாலப் பகுதியை முன்கூட்டியே கொடுப்பது கடமையாக வேண்டும் என்பது இவ்வுரையின் நிலைப்பாடு. இது தடுக்கும் உரிமை அல்ல. மீட்கப் போகிறவர் என்ன மூழ்கியது என்று அறியும் உரிமை. காவல் விவரங்களை நீக்கிவிட்டே கொடுக்கலாம். கொடுக்கவேண்டியவை சில: கருவியின் எடையும் தூக்குபிடிகளும், அடைப்புகளின் நிலை, அணுக்கருக்களின் பட்டியல், எந்த அலையுயரத்துக்கு மேல் பயணம் நிறுத்தப்படும் என்ற எல்லை, ஒதுங்கக்கூடிய துறைமுகங்கள். நிலத்திலும் இதே முறை வேண்டும். வழியிலுள்ள கொம்யூனின் தீயணைப்புப் படை, சுமை வரும் நாளில் அதைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படக் கூடாது. வார்டோவிலுள்ள கடற்போக்குவரத்து நிலையம் ஆபத்தான சரக்குக் கப்பல்களை ஏற்கெனவே கண்காணிக்கிறது. புதிய அமைப்பு எதுவும் தேவைப்படாது.

எஞ்சியிருப்பது இழப்பீடு. அணுச் சேதத்துக்கான பொறுப்பு பற்றிய பரிஸ் உடன்படிக்கையில் நோர்வே உறுப்பு நாடு. 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அணுநிலைய நடத்துநரின் பொறுப்புத்தொகை குறைந்தது 700 மில்லியன் யூரோ. போக்குவரத்துக்கு அதை 80 மில்லியன் வரை குறைக்க நாடுகளுக்கு இடமுண்டு. உயிர், உடைமைச் சேதத்தோடு சுற்றுச்சூழலைச் சீர்செய்யும் செலவும், சூழல் கெட்டதால் இழந்த வருமானமும் இப்போது இதில் அடங்கும். ஆனால் கடலில் ஒரு பெக்கரலும் கலக்காமல், கொதிகலன் ஒன்று ஸ்ககெராக்கில் மூழ்கியது என்ற செய்தியாலேயே மீன்சந்தை சரிந்தால், மீனவரின் இழப்புக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகவில்லை. நோர்வே போன்ற மீன் ஏற்றுமதி நாட்டுக்கு நடக்கக்கூடிய முதல் இழப்பு அதுவே. சட்ட அமர்வு இக்கேள்வியையும், போக்குவரத்துக்கான குறைந்த தொகையை நோர்வே ஏற்கத்தான் வேண்டுமா என்பதையும் எடுத்துக்கொள்வது பொருத்தம்.