பிறந்தநாள் சாப்பாடும் 'வந்த நாளும்'

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டீச்சர், உங்க மணப்பாட்டுப் பக்கம் கிறிஸ்தவ ஆசிரமங்கள் நிறைய இருக்கே, ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு நம்ம சங்கம் என்ன செய்யலாம்னு பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். சரி, எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மணப்பாட்டில் சவேரியார் தங்கிய குகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1544-இல் வடுகப் படையினர் குமரிக் கரையைச் சூறையாடினார்கள். அங்கிருந்த மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி, பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவுப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்காற்றில் தோணிகள் போய்ச் சேரவில்லை. பிறகு தரைவழியாகப் போனார். அது ஆபத்துக்கு ஓடும் உதவி. இந்தக் கரைக்கு அது புதிதில்லை, சுனாமியின்போதும் பார்த்தோம். ஆனால் ஒரு பிள்ளையை வளர்ப்பது வேறு வேலை. தோணி அனுப்பி முடிகிற காரியமில்லை.

அதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண், 1895-இல் இந்தியா வந்தவர். 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் தங்கியிருந்தபோது அவரிடம் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக விடப்பட்டிருந்த பிள்ளை. அதற்கு முன்பே ஒரு தடவை தப்பி, நம் தூத்துக்குடியில் இருந்த அம்மாவைத் தேடி நடந்தே வந்திருக்கிறாள். அம்மா அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். அந்தக் கையோடுதான் இரண்டாம் தடவை ஓடினாள். அந்த அம்மாவைத் திட்டுவது சுலபம், எந்த நெருக்கடியில் ஒப்படைத்தாளோ என்று யோசிப்பதுதான் கஷ்டம்.

களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் அந்த இல்லம் வளர்ந்தது. எல்லோரும் ஏமியைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கைக்குழந்தைகள் வர ஆரம்பித்ததும் நோயில் சில குழந்தைகள் இறந்தன. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். அதை நடத்தியவர் பொன்னம்மாள்தான். ராத்திரி முழுக்க விழித்துப் பால் புகட்டுகிற வேலை. 1915-இல் அவர் இறந்துபோனார்.

அங்கே வார்டன், சூப்பிரண்டு என்ற பேச்சு இல்லை. நம் ஊர்ப் பெண்கள் 'அக்காள்', வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி', ஏமி 'அம்மா'. பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் இல்லத்துக்கு 'வந்த நாளை'க் கொண்டாடினார்கள். நீ வந்த நாள் எங்களுக்குத் திருநாள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது சின்ன விஷயமா?

பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகத்தான் வளர்த்தார்கள். மறைக்கவும் இல்லை. அதை எதிர்த்து உறவினர்கள் கோர்ட்டுக்குப் போனதும் உண்டு. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் இது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமான வேலையும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கியதும் இதே மாதிரிப் பெண்பிள்ளைகளுக்காகத்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது.

இப்போது நம் விஷயம். நம் பிளாக்குகளில் பிறந்தநாள், நினைவுநாள் வந்தால் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் நல்ல பழக்கம் இருக்கிறது. நான் வேலை பார்த்தபோது என் வகுப்பில் இல்லத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தன் திங்கட்கிழமை சொன்னான்: "நேத்து மூணு பேருக்குப் பிறந்தநாள் டீச்சர். மூணு தடவை பாட்டுப் பாடினோம்." உன் பிறந்தநாள் எப்போ என்றேன். ஜூன் 1 என்றான். ரிஜிஸ்டரைப் பார்த்தால் அந்த இல்லத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு ஜூன் 1 தான்.

சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேக் வெட்டும் இடமாக இல்லத்தை ஆக்க வேண்டாம். முன்கூட்டியே கேட்டு, அரிசியோ பருப்போ ஸ்கூல் ஃபீஸோ, அவர்களுக்குத் தேவையானதைக் கொடுங்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். நம் வாட்ஸ்அப் குரூப்புக்கும் இந்தச் செய்திமடலுக்கும் விலக்கு கிடையாது. போகிற இல்லம் அந்தச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல இல்லங்கள் அதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். கடலுக்குப் போன மனுஷன் திரும்பாவிட்டால், அவர் மனைவி பிள்ளையை ஹாஸ்டலில் விடுவது பாசம் இல்லாமல் அல்ல, பணம் இல்லாமல். பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தரும் 'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. கணவனை இழந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கும், பெற்றோர் இல்லாமல் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார்களில், வாட்ச்மேன் குடும்பங்களில் இதற்குத் தகுதியானவர்கள் இருக்கலாம். ஃபாரம் நிரப்பவும், வருமானச் சான்றிதழ் வாங்கவும் கூடப் போக ஆள் வேண்டும். ரிட்டயர் ஆன நாம் இத்தனை பேர் இருக்கிறோமே. தெருவில் தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் நீங்களாக எங்கும் கூட்டிப்போக வேண்டாம், 1098-க்குப் போன் பண்ணுங்கள்.

ஃபாரம் வேலைக்கு என்னோடு வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், காலை இரண்டு மணி நேரம் போதும். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம்.