வீணை வாங்குவோர் கவனத்திற்கு



நம் குடியிருப்பில் சில இல்லங்களில் வீணை வாங்கும் பேச்சு எழுந்துள்ளது. செலவு சிறிதன்று. ஆதலின் நான் அறிந்தவற்றை, இசைப் புலவனாக அன்றி, மகளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய தந்தையாகக் கூற விழைகிறேன்.

யாளி முகத்தின் அழகில் மயங்க வேண்டா; நாதம் அங்கே பிறப்பதில்லை. பலா மரமா, குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தவையா, ஒட்டியவையா என்று கேளுங்கள். பின்னர்க் குழந்தையை வீணையோடு தரையில் அமர்த்துங்கள். இடக்கை இருபத்துநான்கு மெட்டுகளிலும் தோள் சாயாமல் உலவுதல் வேண்டும். இயலாதெனில் சிறிய வீணையே தக்கது.

இனிச் சுருதி. பெண்கள் ஐந்து கட்டையில் பாடுவதால் வீணையையும் அவ்வாறே ஏற்றித் தரக் கேட்போர் உளர். முழு அளவு வீணை மூன்று கட்டையை ஒட்டியே செம்மையாக ஒலிக்கும். மூன்றிலிருந்து ஐந்துக்கு மூன்று அரைச்சுரங்களே. ஆயினும் அதே தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 41 விழுக்காடு கூடிவிடும்! சாரணி அறும், அறாவிடினும் பிஞ்சு விரல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க இயலாது வருந்தும். பிள்ளைகள் வீணையை மூலையில் சாத்துவதற்குச் சோம்பலைவிட இவ்வலியே காரணம் என்பது என் துணிபு. மெல்லிய தந்தி இட்டால் இழுவிசை குறையும், நாதமும் மெலியும். தந்தியின் நீளம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்த வீணையிலோ, அதே தந்தி அதே இழுவிசையில் ஐந்து கட்டைக்கு ஒலிக்கும்.

ஆசிரியரின் பாணியையும் அறிக. தஞ்சைப் பாணியில் தந்தியை இழுத்து வாசித்தல் மிகுதி. நம் பெங்களூர் வானொலியில் பணியாற்றிய தொரைசாமி ஐயங்கார் (1920–1997) வாசித்த மைசூர்ப் பாணியிலோ மீட்டு மிகுதி. இழுப்பு மிகுந்தால் இறுக்கம் அளவோடு இருத்தல் நன்று. ஒலி போதவில்லையென்று சுருதியை ஏற்றுவதும் வேண்டா. வீணை தனம்மாள் (1867–1938) மெல்லிய நாதத்தாலேயே புகழ் பெற்றார். மேலும், இக்காலத்தில் ஒலிபெருக்கிக்கா பஞ்சம்!

சாரணிக்கும் பஞ்சமத்திற்கும் எஃகுத் தந்தி. மந்தரத்திற்கும் அனுமந்தரத்திற்கும் பித்தளை அல்லது கம்பி சுற்றிய எஃகு. மாற்றும்போது பழைய தந்தித் துண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே தடிமனில் வாங்குங்கள்.

இரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்று. கோடை விடுமுறையில் வீணையோடு சென்னை செல்வோர் புறப்படுமுன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். அங்குள்ள வெப்பத்தில் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகக்கூடும். சன்னலோரம் வீணைக்கு ஆகாது, அவ்விடத்தைக் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள்.